கல்யாண வண்டியை நிறுத்தச் சொல்லும் வரி

போன மாதம் நான் வேலை பார்த்த சோதனைச் சாவடிப் பக்கம் போயிருந்தேன். ஓசூரிலிருந்து பாகலூர் தாண்டி கர்நாடகத்துக்குள் இறங்கும் கிளைச்சாலைகளில் ஒன்றில் இருக்கிறது அது. பெரிய நெடுஞ்சாலைச் சாவடி அளவுக்கு யாருக்கும் தெரியாது. நான் இருந்தபோது ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேசை, கையால் ஏற்றி இறக்கும் ஒரு தடுப்புக் கட்டை, அவ்வளவுதான். இப்போது கம்பத்தில் இரண்டு கேமரா வைத்திருக்கிறார்கள். வண்டி எண்ணை அதுவே படித்து எங்கோ அனுப்பிவிடுகிறது.

ஊர்க்காவல் படைப் பையன்கள் இரண்டு பேர் பணியில் இருந்தார்கள். நான் போன நேரம் ஒரு கல்யாண வேனை நிறுத்தி, பெண்ணின் மாமாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேன் போன பிறகு ஒருவன் என்னிடம் அலுத்துக்கொண்டான். "இந்த ரூலை எவன் போட்டான்னு தெரியலைங்கண்ணா. கல்யாண வண்டி, கோயில் வண்டி, சாவு வண்டி எல்லாத்தையும் நிறுத்திக் கேக்கணுமாம். சாபம் பூரா எங்க தலையில."

நான் டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். ஆனால் அந்த வரி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சுற்றறிக்கையில் "குழுவாகத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் வாகனங்கள்" என்று இருந்த இடத்தில், "விழா மற்றும் சடங்குகளுக்குச் செல்லும் வாகனங்கள் உட்பட" என்று பின்னால் சேர்த்தார்கள். நான் செய்த ஒரு தவறிலிருந்து வந்தது அது. அந்தப் பையனிடம் நின்ற இடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய கதை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பாரூர்ப் பக்கம். ஏரித் தண்ணீர் பாயும் கரும்புக் காடு எங்களுக்கும் கொஞ்சம் இருந்தது. எனக்கு ஓர் இடத்தில் உட்காரப் பிடிக்காது. எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறிவிட்டேன். பெங்களூரில் ஓட்டலில் தட்டு கழுவினேன். சித்தூரில் மாம்பழ மண்டியில் மூட்டை தூக்கினேன். பெல்லாரியில் கல் உடைத்தேன். எங்கேயும் இரண்டு வருஷம் முழுதாக இருந்ததில்லை. பட்டினி கிடந்த நாட்களும் உண்டு. அது எல்லோருக்கும் உள்ளதுதான். கன்னடம் ஓட்டலில் வந்தது, தெலுங்கு மண்டியில் வந்தது, இந்தி லாரியில் வந்தது. மூன்றிலும் முதலில் கற்றது திட்டு, பிறகுதான் பேச்சு.

கடைசியில் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். அப்போதுதான் ஊர்க்காவல் படைக்கு ஆள் எடுத்தார்கள். எல்லைச் சாவடிகளுக்கு நாலு மொழி தெரிந்தவன் வேண்டும் என்று தேடினார்கள். எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. பயிற்சியில் நடக்கச் சொன்னார்கள், நிற்கச் சொன்னார்கள், லத்தியைப் பிடிக்கச் சொன்னார்கள். சாவடியில் என்ன செய்வது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் எஸ்.ஐ. கனகவல்லி மேடம்.

அரசாங்கம் ஆள் கடத்தலைத் தடுக்கத் தீவிரமாக இறங்கிய சமயம் அது. வேலை வாங்கித் தருகிறேன் என்று ஏமாற்றி ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு ஆட்களைக் கொண்டுபோய் அடைத்து வைப்பது எங்கள் பக்கம் இரண்டு திசையிலும் நடந்துகொண்டிருந்தது. வடக்கேயிருந்து இங்கே கொண்டுவருவார்கள். இங்கே ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டைப் பக்கத்து மானாவாரி ஊர்களிலிருந்து மழை பொய்த்த வருஷங்களில் அங்கே கொண்டுபோவார்கள். நெடுஞ்சாலையில் மட்டும் நின்றால் போதாது, கிளைச்சாலைகளிலும் ஆள் போடுங்கள், தொழிலாளர் வண்டிகளை நிறுத்திப் பதிவேட்டில் எழுதுங்கள் என்று சுற்றறிக்கை வந்தது. அப்படித்தான் அந்தத் தகரக் கொட்டகை முளைத்தது.

மேடத்துக்கு ஊர் விருதுநகர்ப் பக்கம். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். நான் "மேடம்" என்பேன், அவர் "மாரண்ணே" என்பார். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மற்ற அதிகாரிகள் வண்டி நின்றதும் நேராக டிரைவரிடம் போய்ப் பேசுவார்கள். மேடம் டிரைவர் பக்கமே திரும்ப மாட்டார். வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போவார். எல்லோரையும் இறங்கச் சொல்வார், கேனிலிருந்து தண்ணீர் கொடுக்கச் சொல்வார். தண்ணீரை வாங்கியதும் குடிக்கிறார்களா, குடிக்கலாமா என்று யார் முகத்தையாவது பார்க்கிறார்களா என்று கவனிப்பார். அதற்குப் பிறகுதான் கேள்வி. அதுவும் கடைசி சீட்டில் இருந்தவரிடம்.

"போய்ச் சேர்ந்ததும் யாருக்கு போன் பண்ணுவீங்க?"

இதுதான் அவர் கேட்கும் கேள்வி. தானாகப் போகிறவர் அம்மாவுக்கு, அண்ணனுக்கு, பொண்டாட்டிக்கு என்று யோசிக்காமல் சொல்லிவிடுவார். அவர் போன் அவர் கையிலேயே இருக்கும். கூட்டிக்கொண்டு போகப்படுகிறவர் தன் போனைத் தேடி இன்னொருவர் பையைப் பார்ப்பார். அந்த ஒரு பார்வையை வைத்து நாங்கள் பிடித்த வண்டிகள் உண்டு.

"முன் சீட்டுல இருக்கறவன் பேசறதுக்குன்னே வந்தவன்ணே. அவன்கிட்ட கேட்டா அவன் சொல்றதுதான் கிடைக்கும். பின் சீட்டுல ஆரம்பிங்க" என்று எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

இனி தவறுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் ஒரு மாதிரியான மாதம். தமிழ்க் குடும்பங்களில் ஆடி முழுக்கக் கல்யாணம் கிடையாது. தெலுங்கு, கன்னடக் குடும்பங்களுக்கு அமாவாசையோடு கணக்கு. ஆடி அமாவாசை கழிந்த மறுநாள் அவர்களுக்குச் சிராவணம் பிறந்துவிடும், கல்யாணம் தொடங்கிவிடும். அதனால் ஆடியின் பின்பாதியில் ஒரே தெருவில் ஒரு வீட்டில் கல்யாணம் கூடாது, அடுத்த வீட்டில் மேளம் கொட்டும். இதெல்லாம் தெரிந்த நானே அந்த வருஷம் அவசரப்பட்டு ஒரு கல்யாண வேனை நிறுத்தினேன். ஆடியில் என்ன கல்யாணம் என்று கேட்டு எல்லோரையும் இறங்கச் சொன்னேன். அது அசல் கல்யாணம். தெலுங்குக் குடும்பம். பெண்ணை இறக்கிச் சாலையில் நிறுத்தியது அபசகுனம் என்று பெண்ணின் அப்பா கண் கலங்கிவிட்டார். நல்ல நேரம் தவறிவிடும் என்று பெண்கள் சாபமிட்டார்கள். மேடம் வந்து அவரிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அதற்கு இரண்டு நாள் கழித்து, மத்தியானம் மூன்று மணி வாக்கில், இன்னொரு வேன் வந்தது. முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கண்ணாடியில் பூமாலை. உள்ளே பெண்கள் புதுச் சேலையில், தலையில் பூவோடும், ஆண்கள் புது வேட்டியிலும் உட்கார்ந்திருந்தார்கள். முன் சீட்டில் வெள்ளை வேட்டியில் ஒருவன். பெயர் சீனு என்று பிறகுதான் தெரிந்தது. நான் கிட்டே போனதும் தெலுங்கில் கேட்டேன். ஆடியில் கல்யாண வண்டி என்றால் தெலுங்குக்காரர்களாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். என் தெலுங்கு நன்றாக இருக்கும் என்ற பெருமையும் எனக்கு உண்டு. அவனும் தெலுங்கிலேயே பதில் சொன்னான். பெண் வீடு கிருஷ்ணகிரிப் பக்கம், கல்யாணம் முடிந்தது, மாப்பிள்ளை வீட்டார் கர்நாடகத்துக்குத் திரும்புகிறோம் என்றான். சித்தூர் மண்டியில் நான் இருந்ததைச் சொன்னேன். அவன் சிரித்து, நம்ம ஆள் என்றான். ஒரு தாம்பூலப் பையை எடுத்து நீட்டினான். வாங்கிக்கொண்டு கட்டையைத் தூக்கினேன். சன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னையே பார்த்தாள். கை எட்டும் தூரம்தான். நான் அவளைப் பார்த்துச் சிரித்து, போய்வாருங்கள் என்று தெலுங்கில் சொன்னேன்.

பதிவேட்டில் "கல்யாண வண்டி. விடப்பட்டது" என்று எழுதினேன். எண் எழுதவில்லை. விசேஷ வண்டிகளுக்கு எண் எழுதும் வழக்கம் இல்லை.

ஐந்தரை மணிக்கு மேடம் சுற்றுக்கு வந்தார். தாம்பூலப் பையில் இருந்த தேங்காயை உடைத்து அவருக்கு ஒரு மூடி கொடுத்தேன். பை மேசையில் கிடந்தது. மஞ்சள் துணிப்பை, மணமக்கள் பெயர், மண்டபம், தேதி எல்லாம் அச்சடித்தது. மேடம் சும்மா எடுத்துப் படித்தவர், திரும்பவும் படித்தார்.

"மாரண்ணே, இது சிங்காரப்பேட்டை மண்டபத்துல வைகாசியில நடந்த கல்யாணம்."

"மிஞ்சின பையா இருக்கும்ங்க மேடம்."

"இருக்கலாம். வண்டியில பின் சீட்டுல யாரு இருந்தா?"

"கல்யாணத்துக்கு வந்தவங்கதாங்க மேடம்."

"என்ன பாஷை பேசினாங்க?"

"தெலுங்குங்க."

"யாரு? பின்னாடி இருந்தவங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெலுங்கு பேசியது முன் சீட்டு மட்டும். பின்னால் இருந்த யாரும் வாயே திறக்கவில்லை. கல்யாணம் முடிந்து திரும்புகிற வேனில் ஒரு சிரிப்புச் சத்தம்கூட இல்லை. பெரியவர்கள் யாரும் இல்லை. முன் சீட்டின் மொழியை வண்டியின் மொழி என்று எடுத்துக்கொண்டேன். பின் சீட்டில் தொடங்கியிருந்தால், தமிழில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அங்கேயே முடிந்திருக்கும்.

நான் பதிவேட்டை எடுத்து அந்த வரியை அடிக்கப் போனேன். மேடம் கையை வைத்துத் தடுத்தார். "எழுதினது எழுதினபடி இருக்கட்டும்ணே. அதுக்குக் கீழ எழுத வேண்டியதைப் பார்ப்போம்."

அன்றைக்கே மேல் அதிகாரிக்குத் தகவல் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் இருவரும் சிங்காரப்பேட்டை போனோம். பையில் பெயர் இருந்த மணப்பெண்ணின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மிஞ்சிய பைகளைத் தூரத்து உறவான சீனு வாங்கிக்கொண்டு போனான் என்றார்கள். சீனு என்ன செய்கிறான் என்று மேடம் கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆள் கூட்டிக்கொண்டு போவான் என்றார் மணப்பெண்ணின் அப்பா. எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த ஊரில் கோவிந்தம்மாள் என்ற பெண்மணி எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். போலீஸ் வந்திருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் மகள் சத்யா, மருமகன், இன்னும் பதினொரு பேர் ஓசூரில் கம்பெனி வேலைக்கென்று முந்தின நாள் சீனுவோடு போயிருக்கிறார்கள். முதலாளி வீட்டில் கல்யாணம், முதலில் அங்கே தலைகாட்டிவிட்டுக் கம்பெனிக்குப் போகலாம் என்று சொல்லி ஆளுக்கொரு புதுச் சேலை, வேட்டி கொடுத்திருக்கிறான். கிருஷ்ணகிரியிலிருந்து மத்தியானம் சத்யா போன் செய்து சாப்பிட்டாயிற்று என்று சொல்லியிருக்கிறாள். அதோடு எல்லோர் போனும் நின்றுவிட்டது.

"ஓசூருதானேங்க மேடம், எட்டற தூரம்தானேன்னு அனுப்பினேன். ஆடியில எவன் வூட்ல கல்யாணம்னு அப்பவே எங்க அக்கா கேட்டுச்சு. நான்தான் பெரிய இடத்துல எல்லாம் பாக்க மாட்டாங்கன்னு சொன்னேன்" என்றார் அவர்.

மேடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதினார். பதின்மூன்று பெயர். நான் சற்றுத் தள்ளி நின்றேன். அந்த வண்டியை விட்டவன் நான்தான் என்று அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஜீப்பில் ஏறும்போது சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அப்ப நீங்கதான் கூட்டியாரணும்" என்றார்.

அதே ஊரில் முந்தின வருஷம் சீனுவோடு போய், தப்பித்து வந்த ஒருவர் இருந்தார். இஞ்சிக் காடு என்றார் அவர். ஹாசன் பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து இஞ்சி போடுகிறார்கள். முன்பணம் கொடுத்ததாகச் சொல்லி வெளியே விடுவதில்லை. ஹாசனைத் தாண்டி ஒரு ரயில்வே கேட், அதற்குப் பிறகு இடது பக்கம், ஏரிக்கரையில் தகர ஷெட். ஊர்ப் பெயர் தெரியாது, வெளியில் விட்டால்தானே தெரியும் என்றார். இன்னொன்றும் சொன்னார். பத்துப் பதினைந்து நாள்தான் எல்லோரையும் ஒரே காட்டில் வைப்பார்கள். பிறகு இரண்டு இரண்டு பேராகப் பிரித்து வேறு வேறு தாலுகாவுக்கு அனுப்பிவிடுவார்கள். பிரித்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்த மாநிலத்தில் நாம் நினைத்தபடி ஜீப்பை விட்டுக்கொண்டு போய்விட முடியாது. இங்கிருந்து மேலே கடிதம் போக வேண்டும், அங்கே இறங்க வேண்டும், அங்குள்ள வருவாய் அதிகாரி வர வேண்டும். கொத்தடிமை என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டு விடுதலைச் சான்று கொடுத்தால்தான் அவர்கள் சட்டப்படி விடுபட்டவர்கள். சும்மா கூட்டிக்கொண்டு வந்துவிட்டால், முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்று நாளைக்கு அவர்கள் மேலேயே புகார் வரும். மேடம் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக நின்றார். காத்திருந்த மூன்று நாளில் இன்னொரு கடிதமும் எழுதினார். சுற்றறிக்கையில் விழா வண்டிகளையும் சேர்க்க வேண்டும் என்று. காரணம் என்ற இடத்தில் எங்கள் சாவடிப் பதிவேட்டின் அந்த ஒரு வரியை அப்படியே எடுத்து எழுதியிருந்தார். என் பெயரைப் போடவில்லை. தன் பொறுப்பில் உள்ள சாவடியில் நடந்த தவறு என்று எழுதியிருந்தார்.

என்னை முன்னால் அனுப்பினார். மேலதிகாரியிடம் அதற்கு வாய்மொழியாகச் சம்மதம் வாங்கியிருந்தார். "வேலை தேடிப் போற ஆளு மாதிரி போங்க. இடத்தைப் பார்த்துட்டு போன் பண்ணுங்க. யார்கிட்டயும் பேசாதீங்க, தொடாதீங்க. அவங்க நல்லா இருக்கணும்னா நீங்க சும்மா இருக்கணும்." எனக்குப் பொருத்தமான வேலைதான். பாதி வாழ்க்கை அப்படித்தானே அலைந்திருக்கிறேன்.

ஹாசனுக்கு அப்பால் ரயில்வே கேட் ஒன்றா இரண்டா? இடது பக்கமெல்லாம் ஏரியும் இஞ்சிக் காடுமாகத்தான் இருந்தது. ஒரு பகல் முழுக்க நடந்தும் ஒன்றும் தெரியவில்லை. தமிழ் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் விஷயம் வெளியே போய்விடும். மறுநாள் காலையில் ஓட்டலில் சாப்பிடும்போது யோசனை வந்தது. அந்தப் பக்கத்தில் களியும் பச்சரிசிச் சோறும்தான். நம் ஆட்களுக்குப் புழுங்கலரிசி இல்லாமல் இறங்காது. கேட்டைச் சுற்றியிருந்த மளிகைக் கடைகளில் புழுங்கலரிசி கேட்டுக்கொண்டே போனேன். மூன்று கடையில் இல்லை என்றார்கள். நாலாவது கடைக்காரர், இருந்த மூட்டையை நேற்றுத்தான் ஏரிக்கரை இஞ்சிக் காட்டு மேஸ்திரி வாங்கிக்கொண்டு போனார், புது ஆட்கள் வந்திருக்கிறார்களாம், பச்சரிசி வேண்டாம் என்கிறார்களாம் என்று கன்னடத்தில் குறைப்பட்டுக்கொண்டார். எந்த ஏரி என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார்.

சாலையிலிருந்தே தெரிந்தது. ஷெட்டுக்கு வெளியே கம்பியில் ஆறு சேலை காய்ந்தது. ஆறும் ஒரே கரை, ஒரே பூ. வேனில் நான் பார்த்த சேலைகள். காட்டில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எண்ணினேன், பதினொன்று. ஷெட் வாசலில் அடுப்பின் முன்னால் ஒருத்தி, அவள் பக்கத்தில் காலில் துணி சுற்றிய ஓர் ஆள். பதின்மூன்று. அந்த ஆள் எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தான். துணி கறுத்திருந்தது. வரப்பில் மேஸ்திரி குடை பிடித்து நின்றார். ஐம்பதடி தூரத்தில் நான். ஏம்மா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் திரும்பிப் பார்த்திருப்பார்கள். மேஸ்திரியும் பார்த்திருப்பார், அடுத்த நாள் ஷெட் காலியாக இருந்திருக்கும். பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி நடந்து வந்து, கேட் தாண்டி மேடத்துக்கு போன் செய்தேன். காலில் அடிபட்டவனைப் பற்றிச் சொன்னதும், "இன்னிக்கே கையெழுத்து வாங்கறேன்" என்று வைத்துவிட்டார். வாங்கியும் விட்டார். எப்படி வாங்கினார் என்று கேட்டதற்கு, "வாசல்ல உட்கார்ந்துட்டேன்ணே" என்றார்.

மறுநாள் காலை அங்கத்திய வருவாய் உதவி ஆணையர், உள்ளூர் போலீஸ், மேடம் எல்லோரும் வந்தார்கள். உதவி ஆணையர் ஒடிசலான மனிதர். வந்ததும் முதல் வேலையாகக் காலில் அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவன் சத்யாவின் புருஷன். மண்வெட்டி வெட்டி நாலு நாளாகியிருந்தது. பிறகு பக்கத்துப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் மேசை போடச் சொன்னார். காட்டுக்காரர்கள் யாரும் கண்ணில் படக்கூடாது என்று தூர அனுப்பினார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மொழிபெயர்க்க நான். தொடங்கும் முன் என்னைப் பார்த்துக் கன்னடத்தில் சொன்னார்: அவர்கள் சொல்வதை மட்டும் சொல்லுங்கள், நீங்கள் நினைப்பதைச் சேர்க்க வேண்டாம்.

அடித்தார்களா என்று அவர் யாரையும் முதலில் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கே போனீர்கள், கடைக்குப் போனீர்களா, யாருக்கு போன் பேசினீர்கள், நாளைக்கு ஊருக்குப் போக வேண்டும் என்றால் யாரிடம் கேட்க வேண்டும். இதே கேள்விகளை, இதே வரிசையில், எல்லோரிடமும். பதிலைத் தன் கையாலேயே எழுதினார்.

ஏழாவதாகச் சத்யா வந்தாள். சன்னலோரம் என்னையே பார்த்த பெண். இருபத்துமூன்று இருபத்துநாலு வயதிருக்கும். நான் தமிழில் முதல் கேள்வியைக் கேட்டதும் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை எதுன்னே தெரியலைங்க."

ஊருக்குப் போக யாரிடம் கேட்க வேண்டும் என்றதற்கு, "கேக்க ஆளே இல்லைங்க. சீனு எறக்கி வுட்டுட்டு அன்னிக்கே போயிட்டான். மேஸ்திரிக்குத் தமிழ் தெரியாது. இவரு கால் வெட்டிக்கிட்டதைக்கூடக் கையாலதான் காட்டினேன்" என்றாள்.

நான் அதை அப்படியே கன்னடத்தில் சொன்னேன். எதையும் சேர்க்கவில்லை. அதிகாரி அவள் சொன்ன கடைசி வரியை இன்னொரு முறை கேட்டுக்கொண்டார். பிறகு எழுதினார்.

ஆஸ்பத்திரிக்குப் போனவனிடம் அங்கேயே கேட்டு எழுதி, சாயங்காலத்துக்குள் பதின்மூன்று சான்றும் தயார். ஒவ்வொருவர் சான்றும் அவரவர் கையிலேயே கொடுக்கப்பட்டது. போன்களும் அப்படியே. சீனுவைச் சில மாதம் கழித்து வேறோர் ஊரில் பிடித்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. கூப்பிடும்போதெல்லாம் போய்ச் சாட்சி சொல்லிவிட்டு வருகிறேன். சத்யாவின் புருஷனுக்குக் கால் தப்பியது, இரண்டு விரல் போயிற்று.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பிய சத்யாவின் புருஷனையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, மேடம் வேண்டுமென்றே எங்கள் கிளைச்சாலை வழியாகவே வேனைக் கொண்டுவரச் சொன்னார். காலை பத்து மணி இருக்கும். சாவடியில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினார்கள், தண்ணீர் கொடுத்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் குடித்தார்கள். மேடம் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். அந்த வரிக்குக் கீழே காலியாக விட்டு வைத்திருந்த இடத்தில் எழுதச் சொன்னார்.

பின் சீட்டில் தொடங்கினேன். பெயர், ஊர், யாருக்கு போன் செய்வீர்கள். சத்யாவின் முறை வந்தது. சொன்னாள், எழுதினேன். எழுதி முடித்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு நான்தான் கட்டையைத் தூக்கினேன் என்றேன்.

"தெரியுங்கண்ணா" என்றாள். "அன்னிக்கு உங்களைக் கூப்பிட்டுக் கேக்கணும்னுதான் பாத்துனே இருந்தேன், இது ஓசூருதானான்னு. நீங்க அவன்கூடத் தெலுங்குல பேசினீங்களா, வேற ஸ்டேட் வந்துருச்சு போலருக்கு, இவருக்கும் தமிழ் தெரியாது போலன்னு வாயை மூடிக்கிட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டு மண்ணில், தமிழ்நாட்டுச் சாவடியில், பாரூர்க்காரன் ஒருவன் கை எட்டும் தூரத்தில் நின்றிருந்தும் அவளுக்கு அந்நியனாகப் பட்டிருக்கிறான். நாலு மொழி தெரிந்தவன் என்று என்னை எடுத்தார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான், அதை அன்றைக்கு நான் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் எந்த வண்டியையும் பின் சீட்டில் இருப்பவரின் குரலைக் கேட்காமல் விட்டதில்லை. கல்யாணப் பெண்ணை இறக்க மாட்டேன். படியேறி உள்ளே போய், பின்னாலிருந்து கேட்டுக்கொண்டு வருவேன். இரண்டு நிமிஷம் ஆகும். நல்ல நேரம் தவறியதாக ஒரு குடும்பம்கூட வந்து சொன்னதில்லை. திட்டு மட்டும் வாங்கியிருக்கிறேன். புதுச் சுற்றறிக்கை வந்தபோது மேடம் மாற்றலாகிப் போயிருந்தார். அந்த வரியை நான் படித்துவிட்டு அவருக்கு போன் செய்தேன். "சேத்துட்டாங்களாண்ணே? நல்லது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

கேமரா நல்ல ஏற்பாடு. வண்டி எண்ணை அது தவறவிடாது. நான் அன்றைக்கு எண்ணை எழுதவில்லை, கேமரா எழுதியிருக்கும். ஆனால் ஏறிக் கேட்பதற்கு ஆள் வேண்டும். அதற்குத்தான் அந்தத் தகரக் கொட்டகையில் இன்னும் இரண்டு பேரைப் போட்டிருக்கிறார்கள்.

பழைய பதிவேடு எங்காவது ஒரு காகிதக் கட்டுக்குள் கிடக்கும். என் முதல் பதிவு ஒரே வரி. அதற்குக் கீழே நான் எழுதியது ஒரு பக்கத்தைத் தாண்டும். பதின்மூன்று பெயர், பதின்மூன்று ஊர், பதின்மூன்று போன். அன்றைக்கு அலுத்துக்கொண்ட தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். அந்த ரூலைப் போட வைத்தவன் நான்தான், தாராளமாகத் திட்டு. வண்டியை நிறுத்திக் கேட்டுவிட்டுத் திட்டு.